மறுவீடு

காசிமாயன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் வீடு போயிருக்காது. சும்மா இருக்கிறோம் என்று வாயைத் திறந்து சொன்னதால் போயிற்று.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் முழுக்கக் கப்பலூருக்கும் தெற்குவாசலுக்குமாக லோடு ஆட்டோ ஓட்டிய அலுப்பில், பழங்காநத்தத்தில் தன் வீட்டுக்குள் பனியனோடு படுத்திருந்தார். கதவு தட்டப்பட்டது. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட் கணினியுமாக ஓர் இளைஞர் நின்றார். பெயர் சாய்குமார் என்றும், பழங்கட்டட மறுவாழ்வு வாரியத்திலிருந்து கணக்கெடுக்க வந்திருப்பதாகவும் சொன்னார்.

“இங்க என்ன சார் பண்ணிட்டிருக்கீங்க?”

மதுரைப் பக்கம் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. கிணறு வெட்டிக்கொண்டிருப்பவரைக் கேட்டாலும் மேலே பார்த்து அதைத்தான் சொல்வார்.

“சும்மாதேன் சார் இருக்கோம்.”

“வேற யாரும் இருக்காங்களா?”

உள்ளேயிருந்து மனைவி பாண்டிமீனா குரல் கொடுத்தார். “வேற யாரு இருக்கா? யாருமில்ல. நாங்கதேன்.”

டேப்பில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று ‘பயன்பாட்டில் உள்ளது’, மற்றது ‘சும்மா உள்ளது’. சாய்குமார் நல்ல பிள்ளை. சொன்னதைத் திரித்து எழுதும் பழக்கம் அவரிடம் கிடையாது. இரண்டாவது கட்டத்தைத் தொட்டார். அதற்குக் கீழே ‘யாருமில்லை’ என்று தட்டினார். பாண்டிமீனா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, செம்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது ஒரு காலத்தில் பருத்தி மூட்டைகளை அடுக்கிவைத்த கிட்டங்கி. ஒரே நீளக் கூடம், ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில் தேக்கு உத்திரம், மாட்டுவண்டி அப்படியே நுழைகிற இரட்டைக் கதவு. பருத்தி வியாபாரம் படுத்தபோது காசிமாயனின் அப்பா அதை வாங்கிப் போட்டார். கல்யாணம் ஆன கையோடு காசிமாயன் அதை வீடாக்கினார். படம் கிடம் எதுவும் வரையவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு, “இங்கிட்டு ஒரு சொவரு, அங்கிட்டு ஒரு சொவரு” என்று கையை நீட்டினார், அம்புட்டுத்தான் திட்டம். மூட்டை இறக்கும் மேடை இடுப்புயரத்தில் வாகாக இருந்ததால் அடுப்படி ஆயிற்று. இரட்டைக் கதவைத் தினமும் தள்ளித் திறக்க யாரால் முடியும்? அதில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற மாதிரி திட்டிவாசல் வெட்டினார்கள். உத்திரத்தில் தராசு தொங்கிய இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. அதில் கயிறு விட்டுச் சேலையைக் கட்டி, மகள் தமிழ்ச்செல்வியைத் தொட்டிலாட்டினார்கள்.

இப்போது தமிழ்ச்செல்விக்கு இது ஆறாவது மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். கொக்கி மறுபடி வேலைக்கு வரப்போகிறது என்று காசிமாயன் பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து சாரம் கேட்டு வாங்கி, மேலே ஏறி, துரு சுரண்டி எண்ணெய் போட்டு வைத்திருந்தார். இந்த வருஷத்தில் அவர் சந்தோஷமாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

மாப்பிள்ளை முத்திருளன் கப்பலூரில் ஒரு கம்பெனியில் மெக்கானிக். வீட்டோட மாப்பிள்ளை என்று எவனும் நாக்குமேல் பல்லுப்போட்டுப் பேசிவிடக் கூடாது என்பதில் ரொம்ப கவனம். மாமனார் வீட்டுக்கு வந்தால் நின்றபடி காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். கல்யாணமான புதிதில் மறுவீட்டு விருந்துக்கு வந்து ஒரு ராத்திரி தங்கியதோடு சரி.

ஒரு வாரம் கழித்து இரட்டைக் கதவில் தகரப் பலகை ஒன்றை அறைந்துவிட்டுப் போயிருந்தார்கள். ‘இக்கட்டடம் சும்மா உள்ளது. உள்ளே நுழைவது குற்றம்.’ எதிர் டீக்கடை மொக்கைச்சாமி அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார்.

“அண்ணே, சும்மா இருக்கிற வீட்டுக்குள்ளருந்து கருவாட்டுக் கொழம்பு வாசம் வருதே, எப்படிண்ணே?”

காசிமாயன் சிரித்தார். அப்போது இன்னும் சிரிக்க வந்தது.

வாரியத்தின் அலுவலகம் நாலு மாடிக் கண்ணாடிக் கட்டடம். அந்த இடத்தில் இருந்த பழைய சத்திரத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியது. முறையிட வந்த காசிமாயனை முதன்மை மறுவாழ்வு அலுவலர் ஹம்சவேணி உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

“மேடம், நாங்க உள்ளதேன் குடியிருக்கோம்.”

“குடியிருக்கீங்க. நான் மறுக்கவே இல்ல. ஆனா குடியிருக்கிறது வேற, பயன்பாடு வேற. இது என்ன கட்டடம்?”

“வீடு மேடம்.”

“எங்க பதிவுல கிட்டங்கி. கிட்டங்கின்னா சரக்கு இருக்கணும். சரக்கு இருக்கா?”

“இல்ல.”

“நீங்க சரக்கா?”

காசிமாயன் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. “இல்ல மேடம்.”

“அப்ப கிட்டங்கி சும்மாதானே இருக்கு? அன்னைக்கு நீங்களே வாயால சொல்லியிருக்கீங்க.” ஹம்சவேணி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். “கவலைப்படாதீங்க. குடிக்கு அடிமையானவங்களுக்கு மறுவாழ்வு இருக்கு. ஜெயில்லருந்து வர்றவங்களுக்கு இருக்கு. கட்டடத்துக்கு மட்டும் இல்லையேங்கிற வேதனையிலதான் இந்த வாரியமே பொறந்தது. உங்க உரிமைய நாங்க தொடவே மாட்டோம். உரிமை எப்பவும் உங்களோடது. பயன்பாடு மட்டும்தான் எங்களோடது. உரிமைய நீங்க எங்க வேணும்னாலும் கையோட எடுத்துட்டுப் போகலாம்.”

உரிமையைக் கையோடு எடுத்துக்கொண்டு அவர் வெளியே வந்தார்.

மொக்கைச்சாமிதான் யோசனை சொன்னார். “சரக்குத்தான கேக்குறாக? காட்டிப்புடுவம்ணே.” தெரிந்த மாட்டுத்தீவனக் கடையில் தவிட்டு மூட்டைகளை இரவல் வாங்கி, லோடு ஆட்டோவில் கொண்டுவந்து, கூடம் முழுக்க அடுக்கி அட்டியல் போட்டார்கள். பாண்டிமீனா மூட்டைகளுக்கு நடுவில் ஒருக்களித்து நடந்து போய்ச் சோறாக்கினார். மறுபடி பார்வையிட வந்த சாய்குமாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“சார், இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!” என்று டேப்பில் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்ற கட்டத்தைத் தொட்டார். காசிமாயனுக்கு உயிர் வந்தது. சாய்குமார் கிளம்பும்போது மூட்டைச் சந்தில் ஒரு பாயும் தலையணையும் கிடப்பதைப் பார்த்தார்.

“இது யாரோடது சார்?”

“என்னோடதுதேன்.”

சாய்குமாரின் முகம் வாடிவிட்டது. “சரக்கு இருக்கிற கிட்டங்கில ஆள் தூங்கக் கூடாது சார். தீப்பிடிச்சா என்ன ஆகறது? ஒடனே காலி பண்ணணும். வாரியத்துக்கு உங்க பாதுகாப்புதான் சார் முக்கியம்.”

ஆகச் சரக்கு இல்லாவிட்டால் கட்டடம் சும்மா இருக்கிறது. சரக்கு இருந்தால் ஆள் இருக்கக் கூடாது. தவிட்டு மூட்டைகளைத் திருப்பிக் கொடுத்த ஆட்டோவிலேயே பீரோவையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு, காசிமாயனும் பாண்டிமீனாவும் திருநகரில் ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடிபோனார்கள். வீட்டுக்காரம்மா சுந்தரம்மாள் நல்ல மாதிரி. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

“மக பிரசவத்துக்கு வாரா. தொட்டிலுக்கு மேல ஒரு கொக்கி மட்டும்…” என்று பாண்டிமீனா இழுத்தார்.

“ஆணியே கூடாதுங்கிறேன். கொக்கி கேக்குறீங்களே?” என்றார் சுந்தரம்மாள்.

அதற்குப் பிறகு காசிமாயன் மனத்தில் இருந்தது ஒரே விஷயம். பிள்ளை பிறப்பதற்குள் கிட்டங்கி திரும்பி வர வேண்டும். அந்தக் கொக்கியில் தொட்டில் கட்ட வேண்டும். வேறு எந்த நியாயத்தையும் அவர் எதிர்பார்க்கவில்லை.

வாரியம் சும்மா இருக்கவில்லை. உள்ளமைப்பு வல்லுநர் விஜய்ஆனந்த் வந்தார். கூடத்துக்கு நடுவே நின்று கண்ணை மூடினார். பிறகு காசிமாயன் கட்டிய அடுப்படிச் சுவரில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். காசிமாயனும் மொக்கைச்சாமியும் திட்டிவாசலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னண்ணே கேக்குறாரு?”

“தெரியலப்பா. அந்தச் சொவத்துக்குள்ள தண்ணிக் கொழாய்தேன் போகுது.”

விஜய்ஆனந்த் கண்ணைத் திறந்தார். “கட்டடம் மூச்சு முட்டுதுன்னு சொல்லுது. யாரோ இதோட வயித்துக்குள்ள சுவர் வச்சிருக்காங்க. முதல்ல மூலநிலைக்குக் கொண்டுபோகணும். வெறும் கூடம். அப்பத்தான் அதுக்கு என்ன ஆசைன்னு நமக்குப் புரியும்.”

இடித்தார்கள். இங்கிட்டு ஒரு சுவர், அங்கிட்டு ஒரு சுவர், குளியலறை, அடுப்படி அலமாரி எல்லாம் போயிற்று. திட்டிவாசலைப் பலகை வைத்து அடைத்தார்கள். கட்டடக் கழிவை அள்ள ஒப்பந்தக்காரர் ஒரு லோடு ஆட்டோவைக் கூப்பிட்டார். அந்த ஏரியாவில் எல்லோரிடமும் இருந்த ஆட்டோக்காரர் போன் நம்பர் காசிமாயனுடையது. அவரும் போனார். வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு, ரிங்ரோட்டுப் பக்கம் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி ஏற்றினார். அடுப்படிச் சுவரின் மஞ்சள் சுண்ணாம்பு சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. காலை மடக்கி நெடுநேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, அப்படி நெஞ்சுக்குள் ஓர் இடம் மரத்துப்போயிருந்தது. கிள்ளினாலும் தெரியாது போலிருந்தது.

“அழுதாலும் பரவாயில்ல, இப்படி இருக்காதீக” என்றார் பாண்டிமீனா அன்று சோறு போடும்போது.

“நல்லாத்தேன் இருக்கேன்” என்றார் அவர். ரசம் ஊற்றச் சொன்னார்.

வெறும் கூடமாக்கப்பட்ட கிட்டங்கியில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. புரோட்டாக் கடை வைக்கலாம் என்றார் ஒருவர். உடற்பயிற்சிக்கூடம் என்றார் இன்னொருவர். பருத்தி அருங்காட்சியகம் அமைத்து, பஞ்சுக்கு நடுவே நின்று செல்பி எடுக்க ஏற்பாடு செய்யலாம் என்று ஓர் ஓய்வுபெற்ற பேராசிரியர் சொன்னபோது நல்ல கைதட்டல். கடைசியில் பாண்டிமீனா எழுந்தார்.

“இது வீடா இருந்துச்சுங்க. வீடாவே இருக்கட்டும்.”

ஹம்சவேணி மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார். “அம்மா, மறுவாழ்வுன்னா மாற்றம் வேணும். இருந்தது இருந்தபடியே இருக்கட்டும்னா அப்புறம் வாரியம் எதுக்கு?”

அந்தக் கேள்வியோடு கூட்டம் முடிந்தது. கேசரி கொடுத்தார்கள்.

வாரியத்தார் ஆராய்ந்தார்கள். ஐரோப்பாவில் பழைய கிட்டங்கிகளை என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காக ஒரு குழு போய்விட்டு வந்தது. தமிழ்ச்செல்வியின் வளைகாப்பு திருநகர் மாடியில் மூச்சுவிட இடமில்லாமல் நடந்து முடிந்தது. நிறைமாதம் ஆகும்போது திட்டம் தயாராகிவிட்டது என்று அழைப்பு வந்தது. கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு மேசைமேல் அட்டையில் செய்த கட்டட மாதிரி ஒன்று இருந்தது. விஜய்ஆனந்த் அதன்மேல் போர்த்தியிருந்த துணியை மெதுவாக எடுத்தார்.

“ஐரோப்பாவுல இப்ப எல்லாரும் இதத்தான் செய்றாங்க. கிட்டங்கிய வீடா மாத்துறது. யாரும் எதிர்பார்க்காத கோணம்.”

பாண்டிமீனா குனிந்து பார்த்தார். இரட்டைக் கதவில் சின்னதாக ஒரு திட்டிவாசல். இங்கிட்டு ஒரு சுவர், அங்கிட்டு ஒரு சுவர். மூட்டை இறக்கும் மேடையில் அடுப்படி. உத்திரத்தின் கொக்கியில் நூலில் கட்டிய குட்டித் தொட்டில்.

“ஏங்க, இது நம்ம வீடுல்ல?”

விஜய்ஆனந்துக்குக் கண் கலங்கிவிட்டது. “பாக்கிற எல்லாரும் இதையேதான் சொல்லணும்மா. ‘இது நம்ம வீடு’ன்னு தோணணும். அதுதான் ஒரு டிசைனோட வெற்றி.”

காசிமாயனுக்கு மரத்துப்போன இடத்தில் லேசாக ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. “அப்ப நாங்க எப்ப மேடம் உள்ள வரலாம்?” என்று கேட்டார்.

ஹம்சவேணி பொறுமையாகச் சிரித்தார். “நீங்க வர முடியாதுங்க. மறுபயன்பாடுங்கிற சொல்லுல ‘மறு’ன்னு ஒன்னு இருக்கு, கவனிச்சீங்களா? அதே ஆள் திரும்ப வந்தா அது வெறும் பயன்பாடு. புது ஆள் வந்தாத்தான் மறு. பழைய பயனாளர்கள் யாருக்கும் விதிப்படி அனுமதி இல்ல. ஆனா தெறப்பு விழாவுக்கு அவசியம் வரணும். உரிமையாளர்ங்கிற முறையில உங்களுக்கு முன்வரிசையில நாற்காலி உண்டு.”

ஊசி குத்தல் நின்றுவிட்டது. மறுபடி மரத்துக்கொண்டது.

தமிழ்ச்செல்விக்கு ஆண் குழந்தை பிறந்தது. திருநகரில் பிள்ளையைப் பாயில் போட்டிருந்தார்கள். மடியில் இருந்தால் தூங்கும். கீழே விட்டால் வீறிடும். பாண்டிமீனாவும் தமிழ்ச்செல்வியும் மாறி மாறி மடியை நீட்டி உட்கார்ந்து, இருவருக்கும் இடுப்பு விட்டுப்போயிற்று. பிள்ளையைப் பார்க்க வந்த மொக்கைச்சாமி, பார்த்துவிட்டு, நின்றபடி காபி குடித்துக்கொண்டிருந்த முத்திருளனைப் பார்த்தார்.

“அண்ணே, ஒங்க மாப்ள அந்த வீட்ல குடியிருந்ததில்லையே? அவரு புது ஆளுதான?”

முத்திருளன் டம்ளரை வைத்துவிட்டார். “மாமா, என்னய விட்ருங்க. மாமனார் வீட்ல போயி ஒக்காந்துட்டான்னு ஊர் பேசும். செத்தாலும் நான் வீட்டோட மாப்பிள்ளையா இருக்க மாட்டேன்.”

“மாமனார் இருக்கிற வீட்ல இருந்தாத்தான மாப்ள அந்தப் பேரு?” என்றார் காசிமாயன். “எங்களத்தேன் உள்ளயே விட மாட்டாகளே.”

பாயில் பிள்ளை வீறிட்டது. மறுநாளே முத்திருளன் அந்த வீட்டுக்கு விண்ணப்பித்தார்.

நேர்காணலின்போது காசிமாயன் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஹம்சவேணியின் குரல் கேட்டது. “இதுக்கு முன்னாடி இந்தக் கட்டடத்தப் பயன்படுத்தியிருக்கீங்களா?”

முத்திருளனும் பொய் பேசாத ஆள். பெண் கொடுக்கும்போது அதை ஒரு நல்ல குணமாகத்தான் காசிமாயன் நினைத்தார்.

“ஒரு ராத்திரி தங்குனேன் மேடம்.”

காசிமாயன் கண்ணை மூடிக்கொண்டார்.

“எதுக்கு?”

“மறுவீட்டுக்கு.”

உள்ளே நாற்காலி ஒன்று கிறீச்சிட்டு நகர்ந்தது. “மேடம்!” என்று விஜய்ஆனந்தின் குரல் நடுங்கியது. “மறு… வீடு. மறுபடியும் வீடு! வாரியம் ஆரம்பிச்ச நாள்லருந்து இந்த ஒரு வார்த்தையத்தான் மேடம் நாம தேடிட்டிருந்தோம்.”

விஜய்ஆனந்தும் கல்யாணமானவர்தான்; மாமனார் வீட்டில் மறுவீட்டுக் கறிவிருந்து சாப்பிட்டவர்தான். ஆனால் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழையும்போது வீட்டு வார்த்தைகள் எல்லாம் செருப்போடு வெளியிலேயே நின்றுவிடும். திட்டத்துக்கு ‘மறுவீடு’ என்று பெயர் வைத்தார்கள். சொல்லைக் கண்டுபிடித்துத் தந்த முத்திருளனுக்கும், எந்தக் கட்டடத்தையும் இதுவரை பயன்படுத்தியிராத குழந்தைக்கும் ஒதுக்கீடு கிடைத்தது.

தமிழ்ச்செல்விதான் சிக்கல். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர், பழைய பயனாளர். பால்குடிப் பிள்ளையை விட்டுத் தாயைப் பிரிக்க வாரியத்துக்கும் மனம் வரவில்லை. யோசித்து ஒரு வழி கண்டார்கள். பால் மறக்கும்வரை தாயானவள் குழந்தையின் உடைமை. உடைமை என்பது சரக்கு. சரக்கைக் கிட்டங்கிக்குள் வைக்க எக்காலத்திலும் தடையில்லை. தமிழ்ச்செல்வியின் கைப்பையில் அதற்கான சரக்கு அடையாள வில்லை ஒன்றைக் கட்டிவிட்டார்கள்.

திறப்பு விழாவன்று காசிமாயனும் பாண்டிமீனாவும் தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, பிள்ளைக்குச் சட்டை எல்லாம் வைத்துக்கொண்டு போனார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஹம்சவேணி மேடையில் உருகிப் பேசினார்.

“சும்மா கெடந்த ஒரு கட்டடம் இது. இதுக்குள்ள ஒரு குடும்பம் வாழ முடியும், அடுப்பு எரிய முடியும், ஒரு தொட்டில் ஆட முடியும்னு யாராவது நெனச்சுப் பாத்திருப்பாங்களா? வாரியம் நெனச்சது!”

மொக்கைச்சாமிகூடக் கைதட்டினார். தட்டிவிட்டு, ஏன் தட்டினோம் என்று கையைப் பார்த்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் முத்திருளன் திட்டிவாசலில் வந்து நின்று, “வாங்க மாமா, வாங்கத்த” என்று முறைப்படி கூப்பிட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. காசிமாயன் குனிந்து நுழைந்தார். பழக்கத்தில் தலை தானாகவே குனிந்தது. இரண்டு பேர் கழுத்திலும் ‘பார்வையாளர்’ என்ற அட்டையைச் சாய்குமார் மாட்டிவிட்டார். இப்போது அவர்தான் அந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளர், பதவி உயர்வு.

கொக்கியில் சேலைத் தொட்டில் தொங்கியது. பிள்ளை அதற்குள் அசந்து தூங்கியது. பிறந்ததிலிருந்து அது இப்படித் தூங்கி யாரும் பார்த்ததில்லை. தமிழ்ச்செல்வி அடுப்படி மேடையில் காபி கலந்துகொண்டிருந்தார். காசிமாயன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே கொக்கியைப் பார்த்தார். அவர் போட்ட எண்ணெய் இன்னும் மினுங்கியது. மரத்துப்போன இடம் உருகி, வலிக்க ஆரம்பித்தது. கையை நீட்டித் தொட்டிலை மெல்ல ஆட்டினார். வெகுநாளைக்குப் பிறகு அவருக்கு அழுகை வந்தது.

“சார்.” சாய்குமார் டேப்போடு நின்றார். குரல் தணிந்துதான் இருந்தது. “இங்க என்ன சார் பண்ணிட்டிருக்கீங்க?”

வாய்வரை வந்த வார்த்தையைக் காசிமாயன் பல்லைக் கடித்து விழுங்கினார். அந்த ஒரு வார்த்தை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா?

“தொட்டில் ஆட்டிக்கிட்டிருக்கேன் சார்” என்றார் தெளிவாக.

சாய்குமாரின் முகம் வாடியது. “அது பயன்பாட்டுல வருது சார். பழைய பயனாளர் பயன்படுத்தினா ஒதுக்கீடே ரத்தாயிடும். கைய எடுத்துருங்க சார், ப்ளீஸ்.”

காசிமாயன் தொட்டிலிலிருந்து கையை எடுத்தார். பாண்டிமீனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சாய்குமார் விரலை டேப்புக்கு மேலே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“இப்ப என்ன சார் பண்ணிட்டிருக்கீங்க?”

“சும்மாதேன் இருக்கேன்.”

“சும்மான்னா தாராளமா இருக்கலாம் சார்” என்று சாய்குமார் நிம்மதியாகக் கட்டத்தைத் தொட்டார்.

தொட்டில் இரண்டு ஆட்டம் ஆடி நின்றது. காசிமாயன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.